தலமரமாகிய கொன்றை

உ
சிவமயம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சிறப்புற அமைந்த இடங்களையே நம் முன்னோர் திருத்தலங்கள் என்று போற்றினர். இம்மூன்றனோடும் ஒருங்கு வைத்து வணங்கப்பெறுவது தலமரம். கருங்கல்லாற் கோயில்கள் எழுவதற்கு முன்னரே மரத்தடியில் இறைவனைக் கண்டு வழிபட்ட பழைய வழக்கத்திற்கு அம்மரமே இன்றும் சான்றாய் நிற்கின்றது. விமானம் பழுதுற்றால் திருப்பணி செய்கின்றோம். திருமதில் சரிந்தால் எடுத்துக் கட்டுகின்றோம். அத்திருப்பணிகளின் வரலாற்றையும் கொடையாளர் திருப்பெயர்களையும் குடமுழுக்கு மலரில் அச்சிட்டு மகிழ்கின்றோம். தலமரத்தின் வரலாறு மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றது. இத்திருக்கோயிலின் தலமரம் கொன்றை. அதனைப்பற்றி ஒரு கட்டுரை வரையுமாறு திருப்பணிக் குழுவினர் பணித்தபோது அடியேனுக்கு மகிழ்ச்சியும் நாணமும் ஒருசேர எழுந்தன. நாணத்தின் காரணத்தை முதற்கண் சொல்லிவிடுதலே முறையாகும்.

2011ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் இறுதியில் கடலூர், புதுச்சேரிக் கடற்கரையைத் தாக்கிய தானே புயலில் இக்கோயிலின் பழைய கொன்றை வேரோடு சாய்ந்தது. 2013இல் நிகழ்ந்த குடமுழுக்கை ஒட்டி அதன் இடத்திற்கு அருகில் புதிய கன்று ஒன்று நடப்பெற்றது. நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ‘கொன்றை’ என்னும் பெயர்ச்சீட்டோடு வந்த கன்று அது. பதிகம் ஓதி அதனைக் குழியில் இறக்கியவருள் அடியேனும் ஒருவன். 2018இல் அம்மரம் நன்றாகப் பூத்தது. பூ மஞ்சள் நிறமே, அன்பர்கள் களித்தனர், மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தினர். நெடுங்காலமாக இக்கோயிலுக்குப் பூத்தொடுத்து வரும் மூதாட்டியார் ஒருவர், ஒரு நாள் பூக்கூடையோடு அடியேனிடம் வந்து, “ஐயா, பழைய மரத்துப் பூ சரஞ்சரமாத் தொங்கும். இது மேலே பாத்து நிக்குதே. இது கொன்னைதானா?” என்று வினவினார்.

அடியேன் இளமையில் திருமடத்துப் பாடசாலையில் இருந்து பாடங் கேட்டவன். கொன்றை என்னும் சொல் வரும் திருமுறைப் பாடல்களை இடையறாது ஒரு நாழிகை ஓதவல்லவன் என்ற செருக்கும் ஒருகாலத்தில் இருந்தது. ஆயினும் அம்மையார் கேட்ட வினாவிற்கு அன்று விடை கூற இயலவில்லை. பாடல்களை அறிந்தவன் மரத்தை அறியவில்லை. இக்குறை ஆசிரியர் மேலதன்று. கண்ணெதிரே நின்ற மரத்தை அண்ணாந்து நோக்காத மாணவன் மேலது. அதன்பின்னர் நூல்களையும் மரத்தையும் ஒருங்கு வைத்து ஆராயத் தொடங்கினேன். அவ்வாராய்ச்சியில் கண்டவற்றையே ஈண்டு அன்பர்கள்முன் வைக்கின்றேன்.

பழந்தமிழ் நூல்களிற் கொன்றை

சங்க நூல்களில் கொன்றை முல்லைநிலத்து மரம். கார்காலத்தின் வரவைத் தெரிவிக்கும் மரமாகப் புலவர் பலரும் அதனைப் பாடினர். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிப் பிரிகின்றான், கொன்றை பூக்கின்றது, அவன் வந்திலன். இத்துயரைத் தணிக்கத் தோழி கூறுவதாக அமைந்தது குறுந்தொகையின் 66ஆம் பாட்டு. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார்மழையெனப் பிறழ உணர்ந்து பூத்துவிட்ட கொன்றை அறிவில்லாதது என்று அவள் மரத்தின்மேற் பழியை ஏற்றிவிடுகின்றாள். அந்நூலின் 21ஆம் பாட்டில் தலைவியே பேசுகின்றாள். கொன்றை பூத்த காடு இது கார்காலம் என்று சொன்னாலும் யான் நம்பேன், அவர் பொய் கூறுபவர் அல்லர் என்பது அவள் துணிவு. ஒரு மரத்தின் சொல்லையும் ஒரு மனிதனின் சொல்லையும் எதிரெதிர் நிறுத்தி, மனிதனின் சொல்லையே தேறிய அவள் அன்பு வியக்கத்தக்கது.

நம் நாளில் கொன்றை பெருக்கமாகப் பூப்பது சித்திரை முதல் ஆனி வரையில். மழை பெய்தபின் ஆவணி, புரட்டாசியிலும் சில மரங்கள் சிறுபான்மையாக மறுமுறை பூக்கக் காணலாம். வேனிலின் வெப்பமும் மழையின் வரவும் ஆகிய இரண்டிற்கும் இசைந்து பூக்கும் இயல்பு இம்மரத்திற்கு உண்டு. பருவம் தப்பிய மழைக்குக் கொன்றை ஏமாறும் என்று பழம்புலவர் கூறியது வெறும் கற்பனை அன்று. மரத்தை நேரில் அறிந்தவர் வாக்கு அது.

மரத்தை அடையாளங் காண்பதற்கும் அப்புலவர்களே நமக்குத் துணைவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை நிரல்படக் கூறிச் செல்லுமிடத்துக் கொன்றைக்கு அடையாகத் தந்தது, அதன் பூங்கொத்துத் தொங்கும் தன்மையையே. மஞ்சள் நிறப் பூவுடைய ஆவிரையை அவர் அதனின் வேறாகப் பிரித்து எண்ணுகின்றார். குறுந்தொகையின் 148ஆம் பாட்டு, கொன்றையின் மொட்டைச் சிறுவர் காலிற் கட்டிய பொற்கிண்கிணியின் காசுக்கு ஒப்பிடுகின்றது. உருண்டு திரண்ட மொட்டு, பொன்னிறப் பூ, கீழ்நோக்கித் தொங்கும் கொத்து என்னும் மூன்றும் இவற்றால் நமக்குக் கிடைக்கின்றன. அம்மூதாட்டியார் கண்ணாற் கண்டு கூறியதும் கபிலர் கூறியதும் ஒன்றே என்பதை உணர்ந்தபோது அடியேன் தலைகுனிந்தேன்.

புறநானூற்றிற்கும் அகநானூற்றிற்கும் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனார் இறைவனைக் கொன்றை சூடியவனாகவே முதலிற் காட்டுகின்றார். திருமுடிக் கண்ணியும் கொன்றை, திருமார்பின் தாரும் கொன்றை என்பது அவர் கண்ட காட்சி. தேவாரம் பாடிய மூவரும் செஞ்சடையைப் பாடும்போது பிறையோடும் கங்கையோடும் பாம்போடும் கொன்றையையும் மறவாது பாடினர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமழபாடியை நினைந்து பாடிய பதிகத்தின் முதற்பாட்டிலேயே சடைமேல் மிளிரும் கொன்றை இடம்பெறுகின்றது. ஔவையார் அருளிய நீதிநூல் ஒன்று அதன் காப்புச் செய்யுளின் தொடக்கத்தால் கொன்றை வேந்தன் என்றே பெயர் பெற்றது. ஏட்டுச் சுவடி பிடித்த சிறுவர் முதலில் உச்சரித்த சொற்களுள் கொன்றையும் ஒன்றாயிற்று.

தலமரமாகக் கொன்றையைப் பெற்ற திருக்கோயில்கள் பல. தொண்டைநாட்டு அச்சிறுபாக்கமும் பாண்டிநாட்டுத் திருப்புத்தூரும் அவற்றுட் சேர்ந்தவை. அச்சிறுபாக்கம் திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்றது. திருப்புத்தூர் சம்பந்தர், அப்பர் இருவர் பாடலும் பெற்றது.

ஆனாய நாயனார்

கொன்றை மரத்தின் பெருமையை ஒரு வரலாறாகவே நமக்கு அருளியவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான். மேல்மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்தில் தோன்றியவர் ஆனாயர். ஆனிரை மேய்ப்பதும், ஏழிசை குழலில் இறைவன் திருவைந்தெழுத்தை அமைத்து ஊதுவதுமே அவர் வாழ்வு. கார்காலத்தில் ஒரு நாள் நிரையோடு காட்டிற்குச் சென்றவர், பூங்கொத்துக்கள் மாலை மாலையாகத் தொங்க நின்ற கொன்றை ஒன்றைக் கண்டார். அது மரமாக அவருக்குத் தோன்றவில்லை. கொன்றைமாலை சூடிய தம் பெருமானாகவே தோன்றிற்று. உள்ளம் உருகியது, குழலை எடுத்தார், ஐந்தெழுத்து இசையாய்ப் பெருகிற்று. மேய்ந்த பசுக்கள் அசைவற்று நின்றன. பகைகொண்ட விலங்குகள் பகை மறந்து ஒருங்கு கூடின. இசையின் வடிவினனாகிய இறைவன் எழுந்தருளி அவரை ஆட்கொண்டான். கார்த்திகைத் திங்கள் அத்த நாளில் அவர் குருபூசை நிகழ்கின்றது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. ஆனாயர் கண்டது, பூக்கள் மாலைபோல் தொங்கிய மரம். நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்தைக் கண்டு மாலையை எவரும் நினையார். ஆகவே இம்மரம் எது என்னும் வினா வெறும் செடிநூல் வினாவாக நில்லாமல், பெரியபுராணக் காட்சியொன்றைக் கண்ணாற் காணும் பேறு நமக்கு உண்டா இல்லையா என்னும் வினாவாகவும் விரிகின்றது. பிழையான மரத்தை நட்டால் பின்வரும் தலைமுறை ஆனாயர் கண்டதைக் காணாது.

கொன்றையின் மலரைப் ‘பிரணவ மலர்’ என்று பெரியோர் கூறுவர். ஐந்து பொன்னிதழ்களின் நடுவே பத்து மகரந்தத் தாள்கள் உள்ளன. அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்து மேல்நோக்கிச் சுருளும். அவ்வளைவிலேயே ஓங்கார வடிவைக் கண்டனர் நம்மவர். பூ ஒன்றைக் கையில் ஏந்தி ஐயமின்றி நோக்கினால் இவ்வுண்மை எவர்க்கும் புலப்படும்.

குழலும் காயும்

ஆனாயர் ஊதியது மூங்கிற் குழல். சேக்கிழார் அதனைச் செய்யும் முறையையும் விரித்துக் கூறுகின்றார். ஆயினும் ஆயர் கொன்றைக் குழலும் ஊதினர் என்பது கலித்தொகையாலும் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையாலும் அறியப்படும். கொன்றையின் முதிர்ந்த காயைத் துளையிட்டுச் செய்த குழல் அது எனக் கொள்ளுதல் வழக்கு. இக்காய் ஒரு முழமும் அதற்கு மேலும் நீண்டு, விரற்பருமனில் உருண்டு, முற்றியபின் கருநிறம் அடைந்து, கோலைப்போல் தொங்கும்.

இங்கே வியத்தகு ஒற்றுமை ஒன்றைக் காண்கின்றோம். சுவீடன் நாட்டு இலின்னேயசு என்னும் செடிநூற் பேரறிஞர் 1753இல் வெளியிட்ட நூலில் இம்மரத்திற்குக் ‘காசியா பிசுட்டுலா’ என்று பெயர் வழங்கினார். ஐரோப்பிய மருந்து வணிகர் முன்னரே வழங்கி வந்த பெயரை அவர் நிலைபெறச் செய்தார். இலத்தீன் மொழியில் பிசுட்டுலா என்பது குழாயையும் ஊதுகுழலையும் குறிக்கும் சொல். முல்லைநிலத்து ஆயரும் இலத்தீன் கற்ற புலவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே காயில் குழலைக் கண்டனர்.

வடமொழியில் இம்மரம் ஆரக்வதம், இராசவிருட்சம், கிருதமாலம் என்று பெயர் பெறும். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து மூன்றாம் அத்தியாயம் இதன் பெயராலேயே ஆரக்வதீயம் என வழங்குகின்றது. தோல்நோய்களுக்குரிய பூச்சு மருந்துகளைக் கூறுவது அது. காயினுள் அறைகளுக்கிடையே உள்ள கரிய இனிய சதை மலச்சிக்கலை நீக்கும் மருந்தாக நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் பயன்பட்டு வருகின்றது. அளவு மீறினால் வயிற்றை வருத்தும். வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது.

கொச்சியில் ஒல்லாந்தர் ஆட்சித் தலைவராய் இருந்த வான் இரீடு என்பார், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் முதலியோர் துணையோடு தொகுத்த ‘ஓர்த்தூசு மலபாரிக்கூசு’ என்னும் பெருநூல், ஆம்சுட்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதற்றொகுதியில் இம்மரம் படத்தோடு ‘கொன்ன’ என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது. கன்று கன்னு என்றும், ஒன்று ஒன்னு என்றும் திரிதல்போலக் கொன்றை கொன்ன எனத் திரிந்தது. நம் பூத்தொடுக்கும் அம்மையார் நாவிலும் அது ‘கொன்னை’யாகவே வந்ததை மேலே கண்டோம். அருகில் உள்ள கேரள நாட்டில் சித்திரை விசுக்கணிக்கு இப்பூ இன்றியமையாதது; அந்நாட்டின் மாநில மலரும் இதுவே. சயாம் எனப்பட்ட தாய்லாந்து 2001இல் இதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. அவர்கள் வழங்கும் பெயரும் இராசவிருட்சம் என்பதன் திரிபே.

பெயரைக் கடன்கொண்ட மரங்கள்

இனி நாம் ஏமாறிய வகையைக் காண்போம். மஞ்சட்பூவோ சிறகுபோன்ற இலையோ உடைய மரம் எதுவாயினும் அதனைக் கொன்றை என்று அழைக்கும் வழக்கம் பிற்காலத்தில் பெருகிவிட்டது.

மஞ்சட்கொன்றை என்பது சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் பெருவாரியாகக் காணப்படுவது. சயாம் நாட்டைக் குறிக்கும் ‘சயாமியா’ என்னும் சொல்லே அதன் அறிவியற் பெயரில் அடங்கியுள்ளது. நம் கோயிலில் 2013இல் நடப்பெற்றது இதுவே. இதன் பூங்கொத்துக் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்; காய் தட்டையானது; இலைக்காம்பில் சிற்றிலைகள் சிறியனவாய்ப் பல இணைகளாக இருக்கும்.

பெருங்கொன்றை என்றும் இயல்வாகை என்றும் வழங்குவது மற்றொன்று. இதன் இலை இருமுறை பிரிந்து வாகையிலைபோல் நுண்ணியதாய் இருக்கும். மொட்டும் கொத்தும் துருநிறம் பூண்டு நிமிர்ந்து நிற்கும். காய் கேடயம்போல் தட்டையாய்ச் செம்பழுப்பு நிறமுடையது. மயிற்கொன்றை அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த புதர். செம்மயிற்கொன்றை மடகாசுக்கர்த் தீவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய செம்பூ மரம். தேவார ஆசிரியர் காலத்தில் இவ்விரண்டும் இந்நாட்டில் இல்லை.

செங்கொன்றை என்பது நம் நாட்டிற்கே உரிய மரம். கொன்றையின் நெருங்கிய உறவு. அதன் காயும் உருண்டதே. ஆயினும் பூ இளஞ்சிவப்பு. ஆவிரையோ இடுப்பளவோ ஆளளவோ வளரும் புதர். அதன் காய் தட்டையானது.

இவற்றுள் மிக்க விழிப்போடு விலக்கத்தக்கது இன்னொன்று உண்டு. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகிற்காகக் கொணர்ந்து நட்ட, ‘சென்னா இசுப்பெக்டாபிலிசு’ என்னும் மரத்தையும் மக்கள் மஞ்சட்கொன்றை என்றே அழைக்கின்றனர். அது முதுமலை, சத்தியமங்கலம், வயநாட்டுக் காடுகளில் அளவிறந்து பரவி, பிற செடிகளையும் புல்லையும் அழித்து, விலங்குகளின் உணவைக் குறைத்துவிட்டது. அதனை வேரோடு களையும் பணி தமிழகத்தில் நடைபெறுகின்றது. கொன்றை என்னும் பெயரை நம்பி இதனைக் கோயிலில் நடுவோமாயின் புண்ணியம் என்று எண்ணித் தீங்கை விதைத்தவர் ஆவோம்.

கொன்றையை அறியும் அடையாளங்கள்

உண்மைக் கொன்றையைச் சரக்கொன்றை என்று விதந்து கூறுதல் நன்று. அதன் அடையாளங்களை அன்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்க.

முதலாவது, இலை. ஒரே நடுக்காம்பின் இருமருங்கும் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு இணை வரையில் சிற்றிலைகள் எதிரெதிராக அமையும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவினதாய் முட்டைவடிவில் அகன்றிருக்கும். கன்றுப் பருவத்தில் பூவும் காயும் இல்லாமையால் இலையே நமக்குச் சான்று. சிற்றிலை சிறுத்தும் பல இணைகளாகவும் இருப்பின் கன்றை வாங்காது மீள்க.

இரண்டாவது, பூங்கொத்து. ஒரு சாண் முதல் ஒன்றரை முழம் வரை நீண்டு, கீழ்நோக்கித் தளர்ந்து தொங்கும். பூத்த காலத்தில் மரத்தில் இலை அரிதாகவே இருக்கும்.

மூன்றாவது, காய். உருண்டு நீண்ட கரிய குழல். மஞ்சட்பூவும் உருட்காயும் மட்டும் போதா; தொங்கும் பூங்கொத்தும் மேற்கூறிய இலையும் அவற்றோடு ஒரு மரத்தில் ஒருங்கே இருக்குமாயின் அது சரக்கொன்றையே எனத் துணியலாம். தட்டைக்காய் கண்டவிடத்து அது கொன்றையன்று. மரம் பத்து முதல் பதினைந்து மீட்டர் வரையில் வளரும்.

வளர்க்கும் முறை

விதையிலிருந்து வளர்ப்பதே சிறந்தது. தாய்மரத்தைக் கண்ணாற் கண்டு எடுத்த விதையாயின் ஐயத்திற்கே இடமில்லை. கருத்து முற்றிய காய்களைப் பறித்து உடைத்தால், குறுக்கறைகள் தோறும் பளபளப்பான பழுப்பு விதை ஒவ்வொன்று கிடைக்கும். காய் தானே வெடிப்பதில்லை. காட்டில் கரடியும் நரியும் குரங்கும் காயை உடைத்துச் சதையைத் தின்று விதையைப் பரப்புகின்றன. ஊரில் அவ்வேலை நம்முடையது. விதைமேல் ஒட்டிய சதையை நன்கு கழுவி நிழலில் உலர்த்துக.

விதையின் தோல் கல்போன்றது. அப்படியே ஊன்றினால் நீர் உட்புகாது பல திங்கள் கிடக்கும். கொதித்த நீரை விதைமேல் ஊற்றி, அந்நீரிலேயே ஆறவிட்டு, ஒரு நாள் முழுதும் ஊறவைத்தல் ஒருவகை. கருக்கல்லில் விதையின் ஓரத்தைச் சிறிது தேய்த்துப் பின் ஊறவைத்தல் மற்றொருவகை. ஊறிப் பருத்தவற்றை மட்டும் எடுத்து, மணலும் எருவும் கலந்த மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுக. ஒரு வாரத்திற்குமேல் சிலபல நாட்களில் முளை தோன்றும். நான்கைந்து இலை விட்டபின் தனித்தனிப் பைகளில் மாற்றி, ஓராண்டு வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் நிலத்தில் நடலாம்.

இடம் வெயில் நிறைந்ததாக இருத்தல் வேண்டும். கோபுர நிழலிலும் மதிலின் வடபுற மூலையிலும் நட்டால் மரம் வளரும், பூ குறையும். இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழி தோண்டி, மண்ணோடு மக்கிய எரு கலந்து நடுக. நீர் தேங்கும் இடம் ஆகாது. முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றினாற் போதும். அதன்பின் மரம் வறட்சியைத் தாங்கும். பொதுவாக நான்கைந்து ஆண்டு கழிந்த பின்னரே பூக்கும். சில மரங்கள் மேலும் சில ஆண்டு கொள்ளும். பொறுமை வேண்டும். பங்குனியளவில் இலை முழுதும் உதிர்வதைக் கண்டு பட்டுவிட்டது என்று அஞ்சற்க; பூப்பதற்கு மரம் செய்யும் ஆயத்தம் அது. இளமஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இலையைத் தின்னுதலும் உண்டு. மரம் அதனால் சாவதில்லை. நச்சு மருந்து தெளித்தல் வேண்டா.

கோயில்களில் தலமரத்திற்குப் பெரும்பகை நம் பக்தியே என்று கூறினால் அன்பர்கள் சினவாதிருத்தல் வேண்டும். திருப்பணி என்னும் பெயரால் அடிமரத்தை ஒட்டிக் கருங்கல்லும் சிமெண்டும் பரப்பிவிடுகின்றோம். மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. அடியில் கற்பூரம் கொளுத்துகின்றோம், பட்டை கருகுகின்றது. வேண்டுதற் பலகைகளை ஆணியால் அறைகின்றோம். புண்வழியே பூஞ்சை நுழைகின்றது. அடிமரத்தைச் சுற்றி ஐந்தாறு அடி வெறும் மண்ணாக விடுக. விளக்கைத் தள்ளி வைக்கத் தனி மாடம் அமைக்க. மேடை கட்டுவோர் வேருக்கு மேல் மண்ணைக் குவியாதிருப்பாராக. பொற்காசு நல்கும் கொடையாளர் ஒருவர் இம்மண்வட்டத்தைக் காப்பதற்கும் ஒரு சிறுதொகை ஒதுக்கினால் அது பெருங்கொடையாகும்.

நிறைவுரை

அம்மூதாட்டியார் வினவிய பின் யாது செய்தோம் என்பதைக் கூறி முடிக்கின்றேன். ஏரிக்கரையில் நின்ற முதிய சரக்கொன்றையை அவரே காட்டினார். 2019இல் அதன் காய்களைக் கொணர்ந்து விதை எடுத்தோம். மேற்கூறிய முறையில் முளைத்தவற்றுள் வலிய கன்று ஒன்று, 2020ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பழைய மரம் நின்ற இடத்திலேயே நடப்பெற்றது.

முன்னர் நட்ட மஞ்சட்கொன்றையை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். மந்திரத்தோடு நட்டதை வெட்டலாகாது என்றனர் சிலர். குழுவினர் அடியேனின் கருத்தைக் கேட்டனர். பிழை மரத்தினது அன்று, நம்முடையது. அது நமக்கு நிழலே தந்தது. தலமரம் என்னும் பெயர்ப்பலகையை மட்டும் எடுத்துவிட்டு அதனை நந்தவனத்து நிழல்மரமாக வைத்துக் காப்போம் என்று விண்ணப்பித்தேன். அவ்வாறே முடிவாயிற்று. அத்தனை ஆண்டுகள் அம்மரத்துப் பூவை இறைவனுக்குச் சாத்தியது குற்றமாகுமோ என்று அன்பர் ஒருவர் கலங்கினார். அன்போடு இட்ட பச்சிலையையும் ஏற்கும் பெருமான் அப்பூவையும் ஏற்றிருப்பான். அறிந்தபின்னும் திருத்தாதிருந்தாலன்றோ குற்றம்?

2025ஆம் ஆண்டு சித்திரையில் புதிய கொன்றை முதன்முறையாகப் பூத்தது. மூன்று சரங்களே பூத்தன. மூன்றும் தொங்கின. பறித்தற்கு மனம் வாராது நின்றோம். அம்மையார் கீழே உதிர்ந்த பூக்களைக் கையாற்கூடத் தொடாமல், ஒரு சரத்தை மட்டும் மெல்லக் கொய்து தட்டில் வைத்து அர்ச்சகரிடம் நீட்டினார். பின்பு அடியேன் பக்கம் திரும்பி, “இதுதான் ஐயா கொன்னை” என்றார்.

இக்குடமுழுக்கு விழாவிற்கு வரும் அன்பர்கள், கோபுர கலசத்தைத் தொழுத கண்களால் இவ்விளமரத்தையும் ஒருமுறை அண்ணாந்து நோக்கிச் செல்வார்களாக. இதன் காய் முற்றும் காலத்தில் விதை வேண்டுவோர்க்குக் கோயில் அலுவலகத்தில் அளிக்கக் குழுவினர் இசைந்துள்ளனர். கொன்றையைத் தலமரமாக உடைய கோயில்களும், வீட்டில் சிவபூசை செய்யும் அன்பர்களும் பெற்றுச் சென்று நட்டு வளர்ப்பார்களாயின், ஆனாயர் கண்ட காட்சி ஊர்தோறும் மீண்டும் நிகழும். கொன்றை சூடிய பெருமான் திருவருள் எல்லார்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்